குளம் மாதிரி கடலாம்! (கிரேக்கத் தீவுக்குக் கிளம்பும் மக்கள் கவனத்துக்கு)

"கிரேக்கத் தீவுல கடல் குளம் மாதிரி இருக்குங்க. அலையே கிடையாது. நீச்சல் தெரியாதவங்ககூட குழந்தை குட்டியோட தாராளமா இறங்கலாம்."

இந்த வரியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எத்தனை தமிழ்ப் பயணப் பதிவில் படித்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. சாண்டோரினி நீலக் கூரை படம் ஒன்று, சூரிய அஸ்தமனம் ரெண்டு, ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட் ஒன்று, நடுவில் இந்த வரி. கீழே இருபது பேர் வந்து "சூப்பர் தல, அடுத்த வருஷம் நாங்களும் போறோம்" என்று பின்னூட்டம். ஒருத்தராவது "அதெல்லாம் சரிங்க, அன்னிக்குக் காத்து எந்தப் பக்கமா அடிச்சுது?" என்று கேட்க வேண்டுமே! ம்ஹூம்.

நான் கேட்கிறேன். ஏன்னா அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் "தாராளமா இறங்கலாம்" என்று எழுதுவது, பஸ் வருதா இல்லையா என்று பார்க்காமலே "ரோடு காலி, தாராளமா கிராஸ் பண்ணுங்க" என்று சொல்வதற்குச் சமம்.

ஜெர்மனியில் பொட்டி தட்டுகிறவன் நான். கோடை வந்தால் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிற தீவுக்குக் கிளம்பிவிடுவேன். நாக்ஸோஸ், பாரோஸ், ரோட்ஸ், கிரீட் என்று நாலைந்து கோடை ஓடியிருக்கிறது. அந்தக் கடல் மேல் எனக்குக் காதல்தான், சண்டை கிடையாது. என் சண்டை நம்ம பதிவர்கள் எழுதுகிற அந்த ஒரு வரியோடுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதலில் கொஞ்சம் காற்று வாங்குவோம்

ஏஜியன் கடலில் கோடைக்கு என்று ஒரு காற்று உண்டு. பெயர் மெல்டெமி. வடக்கிலிருந்து வரும். ஜூலை, ஆகஸ்டில்தான் அதன் ஆட்டம் உச்சம், அதாவது நம்மாளுங்க லீவு போட்டுப் போகிற அதே மாதங்கள். இது இன்று நேற்று வந்த காற்று இல்லை. பழைய கிரேக்கர்கள் இதற்கு 'ஆண்டுதோறும் வருவது' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள், அரிஸ்டாட்டில்கூட இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் காற்றிடம் ஒரு கள்ளத்தனம் உண்டு. நம்ம ஊரில் பலத்த காற்று என்றால் வானம் கறுக்கும், இடி இடிக்கும், பாட்டி துணியை எடுக்கச் சொல்லிக் கத்துவாள். மெல்டெமிக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு மேகம் இருக்காது, வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். அங்கே வானிலை அறிக்கையில் காற்றை பியூஃபோர்ட் அளவில் சொல்வார்கள். 5 என்றால் மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். 8 தொட்டுவிட்டால் பெரிய பெர்ரிகளையே துறைமுகத்தில் கட்டிப்போட்டு விடுவது வழக்கம். கார், லாரி எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற கப்பலுக்கே அந்த மரியாதை என்றால், நூறு ரூபாய் பிளாஸ்டிக் அன்னத்துக்கு என்ன மரியாதை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அப்படிப் பிய்க்கிற காத்துல கடல் எப்படிய்யா குளம் மாதிரி இருக்கும்?" என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

காற்று வடக்கிலிருந்து வருகிறது. தீவின் வடக்குக் கரையில் மோதும்போது அங்கே அலை எழும். பார்த்தாலே பயம் வரும், யாரும் இறங்க மாட்டார்கள். தெற்கு, தென்மேற்குப் பக்கம் பார்த்திருக்கும் கரையில் என்ன ஆகும்? காற்று தீவைத் தாண்டி, முதுகுப் பக்கமாக வந்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அலை எழுவதற்குக் காற்று தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓடியாக வேண்டும். கரையோரத்தில் அந்த தூரம் கிடையாது. அதனால் முதல் ஐம்பது நூறு மீட்டர் கண்ணாடி மாதிரி கிடக்கும். அதைத் தாண்டிப் பாருங்கள், வெள்ளை நுரை குதித்துக்கொண்டிருக்கும்.

சுற்றுலாக் கையேட்டில் "இந்தக் கடற்கரை மெல்டெமியிலிருந்து பாதுகாப்பானது" என்று போட்டிருப்பார்கள். நம்மாளுங்க அதை அப்படியே மொழிபெயர்த்துப் பதிவில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு உண்மையான அர்த்தம் என்ன தெரியுமா? குடை பறக்காது, கண்ணில் மணல் விழாது, அலை அடிக்காது. அவ்வளவுதான். தண்ணீரில் மிதக்கிற எதற்கும் அதே வாக்கியத்தின் அர்த்தம் வேறு: "இங்கே காற்று உங்களைக் கரையை விட்டுத் தள்ளும்."

நம்ம ஊர் கட்டுமரக்காரர்களிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்றில் பாய் விரித்துத்தான் அவர்கள் காலங்காலமாகக் கடலுக்குப் போனார்கள். கையில் துடுப்பு, திரும்பி வரும் காற்று எப்போது என்ற கணக்கு, கூட நாலு மரம். அதே மாதிரி ஒரு காற்றில் உங்கள் பிள்ளை காற்று மெத்தை மேல் படுத்திருக்கிறான். அவனிடம் பாயும் இல்லை, துடுப்பும் இல்லை, கணக்கும் இல்லை.

"அலையே இல்லியே சார்!"

நாக்ஸோஸில் ஆகியோஸ் புரோகோபியோஸ் என்று ஒரு கடற்கரை. நல்ல மணல், கண்ணாடித் தண்ணீர். மேலே சொன்ன மாதிரி முதுகுக் காற்று வாங்குகிற இடம். ஒரு ஆகஸ்ட் மதியம் பக்கத்துக் குடையில் ஒரு தமிழ்க் குடும்பம். பையனுக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். ரிங் மாதிரி ஒரு மிதவையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய், "சார், காத்து வெளியே தள்ளுது, பையனைக் கொஞ்சம் கிட்ட வெச்சுக்குங்க" என்றேன். அவர் சிரித்தார். "அலையே இல்லியே சார், இங்க என்ன பயம்?"

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பையன் இருபது மீட்டர் தள்ளிப் போயிருந்தான். அப்பா நடந்தார். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. நின்றுவிட்டார், ஏன்னா அவருக்கு நீச்சல் தெரியாது. பையன் அப்பாவைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தான், அவனுக்கு அது விளையாட்டு. அந்தம்மா கரையில் நின்று கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. பெடல் போட் வாடகைக்கு விடுகிற பையன் ஒருத்தன், அப்போதுதான் கரை ஏற்றிய போட்டை மறுபடி தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்து வந்தான். நல்லவேளை அந்த போட் அங்கே இருந்தது. ரெண்டு வளைவு தள்ளி, பெயர்ப் பலகைகூட இல்லாத கரையாக இருந்திருந்தால் போட்டும் இல்லை, பையனும் இல்லை.

அந்த அப்பா முட்டாள் இல்லை. அவர் எங்கேயோ "குளம் மாதிரி" என்று படித்திருக்கிறார், நம்பியிருக்கிறார். என் கோபம் அவர் மேல் இல்லை, அதை எழுதினவர் மேல்.

இது ஏதோ அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2018-இல் கிரீட் தீவின் ரெதிம்னோவில் காற்று மெத்தையில் மிதந்த ஒரு ரஷ்யச் சுற்றுலாப் பயணி அடித்துச் செல்லப்பட்டு, சுமார் 21 மணி நேரம் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார். 2020 ஆகஸ்டில், தீவு இல்லை, கிரேக்கப் பெருநிலத்தில் அன்டிரியோ பக்கம், யூனிகார்ன் பொம்மை மிதவையில் ஒரு சின்னப் பெண் குழந்தை நடுக்கடலுக்கே போய்விட்டது. அந்த வழியாக வந்த பெர்ரிக்காரர்கள் கப்பலை மெதுவாக ஓட்டி வந்து தூக்கினார்கள். 2022 ஜூலையில் ஹால்கிடிகி பகுதியில் அடித்துச் செல்லப்பட்ட ஒருவர், மிதந்து வந்த குழந்தைகள் பந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுமார் 18 மணி நேரம் தாக்குப் பிடித்தார். அவரோடு கடலில் இறங்கிய நண்பர் திரும்பவில்லை. பிழைத்தவர் கதைதான் செய்தியாக உலகம் சுற்றும். அந்த நண்பரின் கதையை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

வரப்போகிற வாதங்களுக்கு முன்கூட்டியே பதில்

பின்னூட்டத்தில் என்னென்ன வரும் என்று தெரியும். நானே எழுதிவிடுகிறேன்.

"ஐரோப்பா சார், எல்லாம் ரூல்ஸ்படி நடக்கும்."

ரூல்ஸ் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2018-ஆம் ஆண்டின் 31-ஆம் எண் அதிபர் ஆணைப்படி, கூட்டம் அதிகம் வரும் கடற்கரைகளில் லைஃப்கார்ட் இருக்க வேண்டும். 'கூட்டம் அதிகம் வரும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நம்மாளுங்க பதிவில் எதைப் பீற்றிக்கொள்வார்கள்? "யாருக்குமே தெரியாத கடற்கரை, நாங்க மட்டும்தான் இருந்தோம்!" அங்கே உங்களைத் தவிர யாரும் இல்லை என்றால் லைஃப்கார்டும் இல்லை என்று அர்த்தம் சாமி. இருக்கிற இடத்திலும் கோடை மாதங்களில், பகல் நேரத்தில் மட்டும்தான். அஸ்தமனக் குளியல் போடும்போது அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

அடுத்து நீலக்கொடி. கிரேக்கத்தில் 600-க்கு மேல் கடற்கரைகளுக்கு நீலக்கொடி உண்டு. நம்ம சென்னைப் பக்கம் கோவளத்துக்கும் 2021-இல் கிடைத்தது. தண்ணீர் சுத்தம், வசதிகள், பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் பார்த்து ஒரு சீசனுக்குக் கொடுக்கிற சான்றிதழ் அது. இன்று மதியம் ரெண்டு மணிக்குக் காற்று எப்படி என்பதை அந்தக் கொடி சொல்லாது. அதைச் சொல்வது லைஃப்கார்ட் மேடையில் அன்றன்றைக்கு ஏற்றுகிற பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடி. நம்மாளுங்க நீலக்கொடி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சிவப்புக் கொடிக்குக் கீழே இறங்குகிறார்கள்.

ரூல்ஸ் எல்லாம் இருக்கும்போதே, 2020 ஜூலையில் ரோட்ஸ் தீவின் லிண்டோஸில் பாராசெயிலிங் கயிறு அறுந்து ரெண்டு பிரிட்டிஷ் பதின்வயதுப் பிள்ளைகள் செத்துப்போனார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கும், கயிறு கடலில் இருக்கும். காற்று ஏறினால் அன்றைய வருமானம் போனாலும் பரவாயில்லை என்று கடையை மூடுகிறவனும் இருக்கிறான், "லாஸ்ட் ரவுண்டு" என்று ஏற்றுகிறவனும் இருக்கிறான். யாரிடம் ஏறப் போகிறோம் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியது நாம்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். அங்கே 30 குதிரைசக்தி வரை உள்ள சின்ன மோட்டார் படகை லைசென்ஸ் இல்லாமலே வாடகைக்கு எடுக்கலாம். அதை "நம்ம ஆளே கேப்டன்!" என்று பதிவு போடுகிறோம். அதாவது நீங்கள் நீந்துகிற கடலில் காலையில்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாலு பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். மிதவை கட்டிப் பிரித்திருக்கும் குளிக்கும் பகுதியை விட்டு வெளியே போய் நீந்தாதே என்பது இதற்காகத்தான். தண்ணீரில் உங்கள் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும்.

"லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோமே."

எந்த ஜாக்கெட்? உள்ளே லேபிளைப் பார்த்தீர்களா? 50 என்று போட்டிருந்தால் அது நீச்சல் தெரிந்தவர்களுக்கு மிதக்க ஒத்தாசை செய்கிற ஜாக்கெட். மயங்கிவிட்டால் முகத்தை மேலே திருப்பி வைக்கும் உத்தரவாதம் அதற்குக் கிடையாது. நீச்சல் தெரியாதவர்களுக்கு, குழந்தைகளுக்கு, குறைந்தது 100 என்று இருக்க வேண்டும். கயாக், ஸ்டாண்டப் பேடில், ஜெட் ஸ்கீ கடைகளில் பெரும்பாலும் தொங்குவது 50 தான். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டினால் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். காலிடுக்குப் பட்டை இருக்கா, தோளைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறுதா என்று பார்க்க அரை நிமிஷம் போதும். கை வளையம், ரிங், அன்னம், யூனிகார்ன் இதெல்லாம் பாதுகாப்புச் சாதனமே இல்லை. காற்று ஊதிய எதுவும் தண்ணீருக்கு மேலே நிற்பதால் அதுவே ஒரு பாய்தான்.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும். கிணத்துல டைவ் அடிச்சு வளர்ந்தவன்."

வணக்கம் அண்ணே. கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்தடியில் சுவர் வரும். கடலில் வராது. சாதாரணமாக நீந்துகிற ஒருவர் மணிக்கு 2, 3 கிலோமீட்டர் வேகத்தில் போவார், அதுவும் களைக்கும் வரை. நல்ல காற்றில் ஒரு காலி மெத்தை உங்களை விட வேகமாகப் போகும். மிதவையைத் துரத்திக்கொண்டு போகிற நல்ல நீச்சல்காரர்தான் இதில் முதலில் மாட்டுகிறவர். பந்து போனால் போகட்டும், மூணு யூரோ.

சாண்டோரினியின் காமாரி மாதிரி கறுப்பு மணல் கரைகளில் நாலடி எடுத்து வைத்தால் ஆழம் வந்துவிடும். ரொம்ப தூரம் கால் பாவும் என்ற நினைப்பில் அங்கே நடக்காதீர்கள்.

சினிமாவில் வருகிற மாதிரி "காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டு யாரும் மூழ்குவதில்லை. மூச்சு விடவே வாய் போதாது, கத்த ஏது? கை தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், ஆட்ட முடியாது. 20 முதல் 60 நொடிக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும். குளம் மாதிரி கடலில் இது இன்னும் மோசம், ஏன்னா அமைதியாக இருப்பதால் யாரும் பார்த்துக்கொண்டே இருக்க மாட்டார்கள்.

"அப்போ போகவே கூடாதுங்கிறியா?"

யார் சொன்னது? போங்க, அனுபவிங்க. எனக்குத் தெரிந்து காற்றை ஒழுங்காக மதிக்கிற கூட்டம் அங்கே ஒன்று உண்டு, விண்ட்சர்ஃபிங், கைட்சர்ஃபிங் கூட்டம். பாரோஸில் கோல்டன் பீச், லெஃப்கடாவில் வசிலிகி, ரோட்ஸின் தெற்கு நுனியில் பிரசொனிசி என்று காற்றுக்காகவே உலகம் பூரா இருந்து வருகிறார்கள். பிரசொனிசிக்குப் போனால் நான் சொல்வது கண் முன்னால் தெரியும். நடுவில் மணல் திட்டு, ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் தட்டையான தண்ணீர், காற்று ரெண்டுக்கும் ஒன்றே. அங்கே நல்ல பயிற்சிப் பள்ளியில் முதல் பாடம் பலகை மேல் நிற்பது இல்லை. "காத்து எங்கிருந்து வருது, காட்டு" என்பதுதான். மீட்புப் படகு தயாராக இருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் ஆளைக் கடலில் விடுவார்கள். காற்றோடு விளையாட வந்தவனே இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும்போது, காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மெத்தையில் தூங்குகிறவனை என்னவென்று சொல்ல?

ஆக, செய்ய வேண்டியது ரொம்ப இல்லை:

1. இறங்குவதற்கு முன் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். முகத்தில் காற்று அடித்தால் அது உங்களைக் கடலுக்குள் தள்ளுகிற காற்று. அன்று மிதவை, மெத்தை, பேடில் பலகை எதுவும் வேண்டாம். குழந்தையோடு முழங்கால் அளவில், கைக்கெட்டும் தூரத்தில்.

2. தூரத்தில் வெள்ளை நுரை தெரிந்தால், கிட்டே எவ்வளவு அமைதியாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

3. பேடில் பலகை எடுத்தால் காலில் கயிறு கட்டாமல் ஏறாதீர்கள். தள்ளிக்கொண்டு போனால் குப்புறப் படுத்துக் கையால் துழாவுங்கள், நின்றால் உங்கள் உடம்பே பாய். முடியவில்லை என்றால் பலகையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். பலகை தெரியும், தலை தெரியாது.

4. அலை உள்ள கரையில் நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாக்க மிதந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வாருங்கள்.

5. ஒருத்தர் மாட்டிக்கொண்டால் பின்னாடியே குதிக்காதீர்கள். மிதக்கிற எதையாவது வீசுங்கள், போன் பண்ணுங்கள். அவசர எண் 112, கடலோரக் காவல் படை 108.

கடைசியாக, நம்ம ஜாதிசனத்துக்கு

பயணப் பதிவு எழுதுகிற மக்களே, ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். தமிழில் கிரேக்கத் தீவு என்று தேடுகிறவருக்குக் கிடைப்பது மொத்தமே கொஞ்சம் பக்கங்கள்தான். அதில் உங்களுடையது ஒன்று. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒருத்தர் தன் குழந்தையைத் தண்ணீரில் இறக்குகிறார். இது இலக்கியச் சர்ச்சை இல்லை, அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட.

எழுதியதைத் திருத்தவும் வேண்டும். சாக்கிந்தோஸ் தீவின் நவாஜியோ, அதான் கப்பல் உடைந்து கிடக்கிற கடற்கரை. 2018 செப்டம்பரில் மேலேயிருந்து பாறை சரிந்து விழுந்து பயணிகள் காயம்பட்டார்கள். 2023-இல் கரையில் இறங்கத் தடை வந்தது, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நீட்டித்தார்கள். பழைய பதிவுகளோ "படகில் போய் இறங்கி ஆசை தீர நீந்துங்கள்" என்று இன்னும் கூவிக்கொண்டிருக்கின்றன. உள்ளே போய் ஒரு வரி சேர்க்க எத்தனை நிமிஷம் ஆகும்?

அடுத்த கடற்கரைப் பதிவில் அஸ்தமனம் படத்துக்கு முன்னால் மூணே மூணு வரி போடுங்கள்: நான் போன அன்று காற்று எந்தத் திசை, எத்தனை பியூஃபோர்ட். லைஃப்கார்ட் இருந்தாரா. எத்தனை அடியில் ஆழம் வந்தது. அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கவிதை எழுதிக்கொள்ளுங்கள், நானே வந்து முதல் பின்னூட்டம் போடுகிறேன்.

"குளம் மாதிரி" என்று மட்டும் எழுதாதீர்கள். குளத்துக்கு நாலு பக்கமும் கரை உண்டு.

பி.கு: இதைப் படித்துவிட்டு "நாங்க போனப்ப ஒண்ணும் ஆகலியே" என்று பின்னூட்டம் போட நினைப்பவர்களுக்கு: ரொம்ப சந்தோஷம். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்?